தண்ணீருக்கு ஒரு வரிசை

1. மாமா ஒரு சாக்கு மரக்காளான் அனுப்பினார்.

2. அதன் சாற்றை எலியின் செல்கள்மேல் விட்டேன். குழிகள் இளஞ்சிவப்பாக மாறின.

3. கோடை விடுமுறையில் நானே பறித்து வந்த காளானின் சாற்றை விட்டேன். குழிகள் வெளுப்பாகவே இருந்தன. “பருவம் சரியில்லை” என்றார் சார். நானும் தலையாட்டினேன்.

4. சார் ஒரு பத்திரிகைக்காரரிடம் பேசினார். சேர்வராயன் மலைக் காளானில் புற்றுநோய்க்கு மருந்து, கண்டுபிடித்தவர் ஏற்காட்டுப் பெண் என்று செய்தி வந்தது.

5. அம்மாவுக்கு இடது மார்பில் கட்டி. சென்னையில் அறுவை செய்து எடுத்தார்கள்.

6. இருபத்தைந்து தடவை கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும் என்றார்கள். பதினொன்று முடிந்தது.

7. பொங்கலுக்கு ஊருக்குப் போன அம்மா திரும்பி வரவில்லை.

8. ஏன் வரவில்லை என்றால், என்னை நம்பினாள்.

இந்த எட்டையும் சேலம் போகும் ரயிலில், மடியில் குறிப்பேட்டை வைத்து எழுதினேன். எதையும் வரிசை போட்டால்தான் எனக்கு மூச்சு சீராகும். மூன்றாவதை எழுதும்போது பேனா தாளைக் கிழித்துவிட்டது. ‘நானும் தலையாட்டினேன்’ என்பதை எழுதாமல் விட்டிருக்கலாம். விடவில்லை.

எண்பதுகள் முடிந்து தொண்ணூறுகள் தொடங்கியிருந்த நேரம் அது. சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சாரின் வழிகாட்டலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து மூன்றாவது வருடத்தில் இருந்தேன். எங்கள் வேலை இதுதான். உடம்பில் மேக்ரோபேஜ் என்று ஒரு செல் உண்டு. கிருமியோ செத்த செல்லோ, கண்டதை விழுங்கிச் செரிப்பது அதன் தொழில். ஆனால் புற்றுக்கட்டிக்குள் போய்விட்டால் அது தன் தொழிலை மறந்துவிடுகிறது. சில சமயம் கட்டி வளர்வதற்கே ஒத்தாசை செய்கிறது. அதன் புத்தியை மாற்றிக் கட்டிக்கு எதிராகத் திருப்பிவிடும் பொருள் ஏதாவது கிடைக்குமா என்று செடியிலும் பாசியிலும் காளானிலும் தேடிக்கொண்டிருந்தோம். செல் திரும்பினால் ஒரு வாயுவை வெளிவிடும். அதைக் காட்டிக்கொடுக்கும் சாயத்தை ஊற்றினால் குழி இளஞ்சிவப்பாகும். சிவப்பு என்றால் செல் விழித்துக்கொண்டது. வெளுப்பு என்றால் தூங்குகிறது. தொண்ணூற்றாறு குழிகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் தட்டு எங்களுக்கு உலகம்.

மாமா, அம்மாவின் தம்பி, மாரமங்கலம் போகும் வழியில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். வெட்டிய சில்வர் ஓக் மரங்களின் அடிக்கட்டைகளில் விசிறி விசிறியாகக் காளான் முளைக்கும். அதைத்தான் கேட்டு எழுதினேன். எழுதியபோது கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: ‘சுத்தமாக அனுப்பவும்.’ அந்த வரியை இப்போது நினைத்தாலும் என் காதுமடல் சுடும்.

அம்மா வராதபோது மாமாவின் கடிதம் வந்தது. ‘அக்காளைப் பற்றிக் கவலை வேண்டாம். இனிமேல் கரண்ட் தேவையில்லை. போன வருசம் உனக்கு அனுப்பியது போலவே காளானைப் பல்பர் தொட்டியில் மூன்று தடவை அலசி, களத்தில் காயவைத்து, கஷாயம் வைத்துக் கொடுக்கிறேன்.’

பல்பர் என்பது காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் இயந்திரம். உரித்த கொட்டையைத் தொட்டியில் போட்டு, அதன் வழுவழுப்பு புளித்துக் கழன்ற பிறகு அலசுவார்கள். காப்பிக்காரர்களுக்கு அதைவிடச் சுத்தம் வேறு கிடையாது. அலசிய கொட்டை முத்துப்போல இருக்கும். ஆனால் பருவத்தில் அந்தத் தொட்டியின் நாற்றம் பஸ்ஸுக்குள் வந்து உட்காரும். புளிக்க வைப்பவை நுண்ணுயிர்கள். கோடிக்கணக்கில் வாழ்ந்து, கோடிக்கணக்கில் செத்து, தம் மேல்தோலின் துணுக்குகளைத் தண்ணீரில் விட்டுப் போகிறவை. மேக்ரோபேஜைத் தட்டி எழுப்ப அந்தத் துணுக்கைவிடப் பெரிய சத்தம் எதுவும் கிடையாது. அதை முதல் வருடப் பாடத்தில் படித்திருந்தேன். மாமா எனக்காக, என் சொல்லுக்காக, எஸ்டேட்டிலேயே சுத்தமான தண்ணீர் என்று அவர் நினைத்ததில் கழுவியிருந்தார். நான் பறித்ததைக் கழுவவே இல்லை. மண்ணைத் தட்டிவிட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

அதனால்தான் அந்த ரயில்.

ஏற்காடு பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த ஓட்டலின் கண்ணாடியில் செய்தியை வெட்டி ஒட்டியிருந்தார்கள். முதலாளி கல்லாவிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். “ஏனுங்க டாக்டரம்மா, ஒரு காப்பி குடிச்சுட்டுப் போங்க. எஸ்டேட்டுல ரெண்டு பேரு கஷாயம் குடிக்கறாங்களாமே, நொம்ப நல்லா கேக்குதாமே!” நான் டாக்டர் இல்லை என்றேன். “ஆயிருவீங்க” என்றார்.

வீட்டு வாசலில் அம்மா முறத்தில் மிளகு பொறுக்கிக்கொண்டிருந்தாள், வலது கையால் மட்டும். எஸ்டேட் கிடங்கில் காப்பிக்கொட்டை பொறுக்கி என்னைப் படிக்க வைத்தவள். இரண்டு கையும் தனித்தனியாக ஓடும். இப்போது இடது கை மடியில் கிடந்தது. பக்கத்தில் ஒரு சொம்பு.

“வா கண்ணு. எளச்சுப் போயிட்டயே. ஒரு மடக்குக் குடிக்கறயா? உன்ற மருந்துதான்.”

“அது மருந்தே இல்லம்மா.”

“பேப்பர்ல போட்டிருக்குது.”

“போடச் சொன்னது சாரு. நானில்ல.”

“சாரு உன்னையக் காட்டியும் படிச்சவருதான? அவரே சொல்லிப்போட்டாரு. நீ எதுக்கு நடுவுல?”

“பதினாலு பாக்கி இருக்குதும்மா. வா, போலாம்.”

“பதினாலா!” சேலையைச் சற்று விலக்கிக் காட்டினாள். தோல் கறுத்து உரிந்திருந்தது. “கருக வறுத்த கொட்டையாட்டம் இருக்குது பாரு. தெனமும் மெசினுக்கு அடியில படுக்கப் போட்டுட்டு, கதவச் சாத்திட்டு எல்லாரும் வெளிய ஓடிப் போறாங்க. நல்லதுன்னா எதுக்குச் சாமி ஓடறாங்க?”

அதற்குப் பதில் இருக்கிறது. எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் வாயில் வரவில்லை.

மாமா வந்தார். தொட்டித் தண்ணீர் ஒரு பாட்டில் வேண்டும் என்றேன்.

“மெட்ராசுல தண்ணிப் பஞ்சம்ங்கறது நெசந்தானா அம்மணி?” என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். “நா கழுவுனதுல ஏதாச்சும் கொறையா?”

“இருக்கலாமுங்க மாமா. பாத்துத்தான் சொல்லோணும்.”

மறுநாள் காலையில் அவரே பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தார். மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார். அப்படியும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போய் முன்னால் நின்றுகொண்டார்.

தட்டில் எட்டு வரிசை. வெறும் செல்லுக்கு ஒன்று. எங்கள் கூடத்துக் காய்ச்சி வடித்த தண்ணீருக்கு ஒன்று. மாமாவின் காளான். நான் பறித்த காளான். ஐந்தாவதாகக் காளானே இல்லாத தொட்டித் தண்ணீர், வடிகட்டி ஆட்டோகிளேவில் வேகவைத்தது. வேகவைத்தால் கிருமி சாகும். அதன் தோல் துணுக்கு சாகாது, ஏனென்றால் அது உயிரே இல்லை. ஆறாவதும் ஏழாவதும் அதே தண்ணீரும் மாமாவின் காளானும்தான். ஆனால் அந்தத் துணுக்கை மட்டும் பிடித்துக் கட்டிவைக்கும் ஒரு மருந்தை அவற்றில் கலந்திருந்தேன். எட்டாவது வரிசை, கடையில் வாங்கிய சுத்தமான துணுக்கு.

இரண்டு நாள் கழித்துச் சாயம் ஊற்றினேன். மாமாவின் காளான் சிவந்தது. தொட்டித் தண்ணீரும் அதே அளவு சிவந்தது. எட்டாவதும் சிவந்தது. மற்றவை எல்லாம் வெளுப்பு. துணுக்கைக் கட்டிப்போட்ட உடனே மாமாவின் காளானும் வெளுத்துவிட்டது. இன்னும் இரண்டு தட்டு போட்டேன். மூன்றும் ஒரே மாதிரி.

சார் கெட்டவர் இல்லை. பிப்பெட் பிடிக்கக் கற்றுக் கொடுத்தவர். எலிகளுக்குத் தீவனம் வராத வாரம் தன் வீட்டுக் கோதுமையைப் பையில் கட்டிக்கொண்டு வந்தவர். தட்டை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“இது உனக்கும் உன் மாமாவுக்கும் இருக்கற வழக்கும்மா. இதை எதுக்குக் கட்டுரையில கொண்டு வரே? தண்ணி வரிசைய எடுத்துடு.”

“எடுக்க முடியாது சார்.”

“மாநாட்டுக்குச் சுருக்கம் போயாச்சு. பேப்பர்ல வந்தாச்சு. அடுத்த தொகுதிய ஒழுங்கா வெச்சுப் பாத்துக்கலாம். இப்ப முதல் மூணு வரிசை போதும்.”

“எங்கம்மா அந்த மூணு வரிசையத்தான் சார் காய்ச்சிக் குடிக்கறாங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “அம்மா விஷயம் வேற. இது வேற. இந்த வரிசையோட கொண்டு வந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன். மூணு வருஷம். யோசிச்சுக்கோ.”

“என் பேரை வேணும்னா எடுத்துடுங்க சார். வரிசைய எடுக்காதீங்க.”

அவர் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அன்று மாலை ஒரு வெள்ளைத் தாளில் எட்டு வரிசைகளையும் வட்டம் வட்டமாக வரைந்து, சிவந்தவற்றுக்கு மட்டும் வண்ணப் பென்சில் தீட்டினேன். மறுபடியும் ரயில்.

அம்மா தாளை மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு வரிசையாகச் சொன்னேன். மாமா சுவரில் சாய்ந்து நின்று கேட்டார். கொட்டை பொறுக்குகிறவளுக்கு நிறம் பார்க்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐந்தாவதில் விரலை வைத்தாள்.

“இது வெறுந் தண்ணியா?”

“வெறும் பல்பர் தண்ணி. ஒரு துண்டுக் காளான்கூட இல்ல.”

“அந்தத் தண்ணியவா இத்தன நாளு நா குடிச்சேன்?” தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். “ஏண்டா, ஊட்டுக் கொழாத் தண்ணியில கழுவ மாட்டயா?”

“அம்மணி சுத்தமா அனுப்பச் சொல்லுச்சு அக்கா! கொழாத் தண்ணி கலங்கலா வருது, அதான் நம்ம தொட்டியிலன்னு...” அவர் முடிக்கவில்லை.

“தப்பு என்ற மேலதானுங்க மாமா. எப்பிடிக் கழுவோணும்னு நா எழுதல” என்றேன்.

அம்மா இன்னும் தாளை விடவில்லை. “இரு. காளான் எழுப்பல, தண்ணிதான் எழுப்புச்சு. அப்ப தண்ணிதான கண்ணு மருந்து?”

மூன்று வருடம் ஆய்வுக்கூடத்தில் இருந்தும் இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. சார்கூட. நல்ல கேள்வி. கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல முடிந்தது.

“குடிச்சா அது வயித்தத் தாண்டாதும்மா. ஊசியில ரத்தத்துல ஏத்துனா தாண்டும். ஆனா அந்தச் செல்லு மட்டுமில்ல, ஒடம்பே ஒரேயடியா முழிச்சுக்கும். குளிரு, காச்சல். அப்பிடியே ஆளப் போட்டுரும். எழுப்பறது பெரிசில்ல. எதுக்குன்னு சொல்லி எழுப்போணும். அத இன்னும் யாரும் கண்டுபிடிக்கல.”

“நீயும்?”

“நானுந்தான்.”

“செரி. அப்ப கழுவாத காளானக் கொண்டாரச் சொல்லு. அதக் குடிச்சுப் பாக்கறேன்.”

நாலாவது வரிசையைக் காட்டினேன். பென்சில் படாத வெறும் வட்டங்கள். அம்மா அதையும் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தாளை மடித்து என்னிடமே நீட்டினாள். முறத்தை இழுத்து மிளகில் கையை வைத்தாள். கரண்ட்டுக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை. அவளுக்கு அது காளானைப் பற்றிய பேச்சே இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த அறை, அந்தக் கதவு, எல்லாரும் வெளியே போவது. காளான் அதிலிருந்து தப்ப ஒரு வழி. வழியை அடைத்துவிட்டேன், அவ்வளவுதான்.

மிளகிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். “உன்ற சாரு இதப் பாத்தாரா?”

“பாத்தாரு.”

“என்ன சொன்னாரு?”

“தண்ணி வரிசைய எடுக்கச் சொன்னாரு. மாட்டேன்னுட்டேன். கையெழுத்துப் போட மாட்டாராம்.”

“அப்ப பட்டம்?”

“இல்ல.”

முறம் நின்றது. “மூணு வருசத்த உட்டுப்போட்டு வந்து இங்க நிக்கறயா?”

“உடல. இந்தத் தாளு இருக்குது.”

“தாளு!” அம்மா எழுந்தாள். எழும்போது இடது கையை ஊன்றிவிட்டாள், வலியில் பல்லைக் கடித்தாள். அது கோபத்தை இன்னும் ஏற்றிவிட்டது. “காத்தால மொதோ பஸ்ஸு எத்தன மணிக்குடா? இவளோட சார நா பாக்கோணும். அந்தத் தண்ணி இன்னொரு பாட்டலு கொண்டா.”

“எதுக்கு அக்கா?”

“கொண்டான்னா கொண்டா.”

கோபமோ எதுவோ, பஸ் சென்னைப் பக்கம்தான் போகும்.

சாரின் அறையில் அம்மா உட்காரவில்லை. பாட்டிலை மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தாள். அந்த அறையில் அதுவரை ஸ்பிரிட் வாசனை மட்டும்தான் இருந்தது.

“ஏனுங்க சாரு, இதுல ஒரு டம்ளரு நீங்க குடிப்பீங்களா?”

சார் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“அம்மா, இது வந்து, ஆராய்ச்சியில...”

“ஆராய்ச்சி இருக்கட்டுமுங்க. நீங்க பேப்பர்ல போட்டதப் பாத்து நா ரெண்டு வாரம் குடிச்சனுங்க. நீங்க ஒரு மடக்குக் குடிங்க. இல்லீன்னா எம்புள்ள போட்ட தண்ணி வரிசையையும் சேத்துப் பேப்பர்ல போடுங்க. ரெண்டுல ஒண்ணு.”

சார் குடிக்கவில்லை. பத்திரிகையிலும் போடவில்லை. ஆனால் மாநாட்டுக்கு அனுப்பிய சுருக்கத்தை அந்த வாரமே திரும்பப் பெற்றுக்கொண்டார். எனக்கு அதை அவர் சொல்லவில்லை, தட்டச்சு செய்தவர் சொன்னார். கையெழுத்துப் போடவில்லை. நான் கேட்கவும் இல்லை.

வெளியே வந்ததும் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. மரத்தடியில் நின்றோம். “இங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு எந்தப் பஸ்ஸு?” என்று கேட்டாள். இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது, சும்மா போவானேன் என்கிற மாதிரி.

கரண்ட் வைக்கிறவர் இடைவெளி விட்டதற்குத் திட்டினார். அம்மா திருப்பித் திட்டவில்லை, அன்றைய கோட்டா முடிந்திருந்தது. கதவைச் சாத்துவதற்கு முன் நான் அவளிடம் சொன்னேன், அன்று வாயில் வராத பதிலை. “அவங்க பயந்துட்டு ஓடலம்மா. உனக்கு இது கொஞ்ச நாளு. அவங்க தெனமும் அம்பது பேருத்துக்கு வெக்கறாங்க. உள்ளயே நின்னா தெனமும் அம்பது தடவ அவங்களுக்கும் படும்.” அம்மா யோசித்தாள். “இத மொதல்லயே ஆராச்சும் சொல்லியிருக்கலாமுல்ல” என்றாள். பதினான்கு நாளும் கதவுக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். அப்போது எனக்குப் போக வேறு ஆய்வுக்கூடம் இல்லை.

ஊருக்குத் திரும்பியதும் ஓட்டல் கண்ணாடிக்குப் போனேன். செய்தியை எடுத்துவிடச் சொன்னேன். “ஊருக்கு ஒரு பேரு வந்தா பொறுக்காதா உங்களுக்கு?” என்றார் முதலாளி. இந்த முறை டாக்டரம்மா இல்லை. பெரிய எழுத்தில் ஒரு தாள் எழுதி அதன் கீழே ஒட்டினேன்: ‘மேலே உள்ள செய்தி தவறு. இந்தக் காளான் மருந்து அல்ல. இதை நம்பி யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க வேண்டாம்.’ கீழே என் பெயர். மறுநாள் கிழித்திருந்தார். மறுபடி ஒட்டினேன். மூன்றாவது முறை செய்தியும் தாளும் இரண்டும் இல்லை. கண்ணாடியைக் கழுவிவிட்டிருந்தார்கள். அதுவும் சரிதான். கஷாயம் குடித்துக்கொண்டிருந்த எஸ்டேட் ஆட்கள் இரண்டு பேரையும் மாமாவே தேடிப் போய்ச் சொன்னார். அவர்களிடம் திட்டும் வாங்கினார்.

இப்போது நிலைமை இது. அம்மாவுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனை. போன தடவையும் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். இடது கை தோளுக்கு மேல் ஏறாது. கிடங்குக்குப் போகிறாள், ஒரு கையால் பொறுக்குகிறாள். நான் வேறோர் ஆய்வுக்கூடத்தில் முதலிலிருந்து பதிவு செய்திருக்கிறேன். இதுவரை பதினாறு பொருள்களைச் சோதித்திருக்கிறேன். பதினாறிலும் முதல் வரிசை கழுவிய தண்ணீருக்கு. எந்தப் பொருளும் இன்னும் குழியைச் சிவக்கவைக்கவில்லை. பதினேழாவது பொருள் நாளைக்கு.